கோட்லெஸ் போன் எவ்வளவு தூரம் கேட்கும்?

(நயினாதீவு யாத்திரையின்போது மடத்தில் தங்கியிருந்த நமது தோட்டக் குடும்பங்கள் மத்தியில், நலன்புரிப் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)

 

அம்மனைத் தரிசித்து, அன்னதானமும் உண்டு, ஆறுதலாக உட்கார்ந்திருக்கிற நேரம் இது. இந்த நேரத்தில் டெலிபோனைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் புறப்பட்ட நாள் முதல் நம்மவர்கள் எங்களிடம் அதிகம் கேட்ட கேள்விகள் அதைப் பற்றித்தான்.

"நடுக்கடல்ல சிக்னல் நல்லா இருந்திச்சுங்க. மடத்துக்குள்ள வந்ததும் இல்லாமப் போச்சே, ஏன்?" என்று ஒருவர் கேட்டார். "மடத்து ஆபீஸ் கோட்லெஸ்ஸ கிணத்தடிக்குக் கொண்டு போனா கரகரங்குதே?" என்றார் இன்னொருவர். ஒரு தாய் கேட்ட கேள்வி இதைவிட முக்கியமானது. "பெட்டியில 300 மீட்டர்னு போட்டிருக்காம். நம்ம டிஸ்பென்சரி போன் பக்கத்து லயத்துக்கே எட்ட மாட்டேங்குதே. கடைக்காரங்க ஏமாத்திட்டாங்களா?" என்றார்.

ஏமாற்றவில்லை. ஆனால் பெட்டியில் எழுதியதை நம்பி இருந்தால் அவசர நேரத்தில் நாம்தான் ஏமாந்து போவோம். நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வருகிறது. கொழுந்து மலையில் பத்துப் பேருக்குக் குளவி கொட்டுகிறது. அப்போது செய்கிற முதல் வேலை போன் எடுப்பதுதான். அந்த நேரத்தில் போன் வேலை செய்யுமா, எங்கே நின்று பேசினால் கேட்கும், எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்தப் பேச்சு.

மூன்று வகைப் போன், மூன்று வகைத் தூரம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வயர் தொங்காத போன் எல்லாவற்றையும் நாம் "கோட்லெஸ்" என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை மூன்று வகை.

முதலாவதுதான் சரியான கோட்லெஸ் போன். இதற்கு இரண்டு பாகம் உண்டு. சுவரோரம் கரண்டில் செருகி வைத்திருக்கும் பெட்டியைப் பேஸ் என்பார்கள். டெலிபோன் லைன் அந்தப் பெட்டிக்குத்தான் வருகிறது. கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் துண்டை ஹேன்ட்செட் என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மட்டுமே பேச்சு காற்றில் போகிறது. அங்கிருந்து கொழும்பு வரை போனாலும், கனடா வரை போனாலும், அது லைனின் வேலை. ஆகவே கோட்லெஸ்ஸின் தூரம் என்பது பேஸில் இருந்து நம் காது வரையுள்ள தூரம் மட்டுமே.

இரண்டாவது வகை, மேசைப் போன் போலவே இருக்கும். ஆனால் அதற்கு லைன் வயரே கிடையாது. பல கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள டவரோடு நேராகப் பேசும். இலங்கையில் 1996இல் இரண்டு தனியார் கம்பனிகளுக்கு இந்த வகைச் சேவை நடத்த அனுமதி கிடைத்தது. 2005ஆம் ஆண்டளவில் சிடிஎம்ஏ என்ற பெயரில் அது நாடெங்கும் பரவியது. கூரை மேல் சிறிய ஏரியல் கட்டி வைத்திருந்த வீடுகள் நமது தோட்டங்களிலும் இருந்தன, நினைவிருக்கும். அதன் இடத்தில் பின்னர் 4ஜி வீட்டுப் போன்கள் வந்தன.

மூன்றாவது, நம் எல்லோர் கையிலும் இருக்கும் மொபைல். அதுவும் டவரோடுதான் பேசுகிறது.

ஆகவே "எவ்வளவு தூரம் கேட்கும்" என்று கேட்கும் முன், "எதில் இருந்து எவ்வளவு தூரம்" என்று கேட்க வேண்டும். கோட்லெஸ் போனுக்கு வீட்டுக்குள் இருக்கும் பேஸ்தான் டவர். மற்ற இரண்டுக்கும் டவர் வெளியே எங்கோ இருக்கிறது.

தீவகம் சொல்லித்தரும் பாடம்

இந்தத் தீவுப் பகுதி மக்களுக்குச் செய்தி அனுப்புவதன் அருமை நம்மைவிட நன்றாகத் தெரியும். நேற்று நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டைப் பார்த்தோம். புறாவின் காலில் ஓலை கட்டிச் செய்தி அனுப்பிய இடம் என்று ஊரவர்கள் சொல்கிறார்கள். புறாவுக்கு அடுத்து வள்ளம், அதற்கடுத்துத் தபால், தந்தி, டெலிபோன் என்று காலம் போனது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் டெலிபோனும் பல ஆண்டுகள் இல்லாமற்போயின. பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று அறியக் கடிதத்துக்கும் வருகிறவர் வாய்ச் செய்திக்கும் காத்திருந்த தாய்மார் இந்தப் பகுதியில் ஏராளம்.

கடலைக் கடந்து ஒவ்வொரு வீட்டுக்கும் செப்புக் கம்பி இழுப்பது இலேசான காரியமல்ல. ஆகவே காற்றில் போகும் போன் இவர்களுக்குப் பெரிய உதவியானது. அதற்கு இந்த இடத்தின் அமைப்பும் வாய்ப்பாக இருந்தது. பண்ணைப் பாலம் தாண்டியதில் இருந்து வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ்ஸில் வந்தோமே, வழியில் ஒரு மேட்டையாவது கண்டோமா? எல்லாம் தட்டை நிலம். கடலும் தட்டை. நடுவில் மறைக்க எதுவும் இல்லை.

போனில் போகும் ரேடியோ அலையை வெளிச்சம் போல நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். நேர்ப் பார்வையில் டவர் இருந்தால் சிக்னல் நன்றாக இருக்கும். 50 மீட்டர் உயரமான டவரின் உச்சியில் இருந்து பார்த்தால் கடல் மட்டம் சுமார் 25 கிலோமீட்டர் வரை தெரியும். அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். போட்டில் நிற்கிற நம் கண் இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் சேரும். ஆக 30 கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் டவரும் நாமும் ஒருவரை ஒருவர் "பார்த்துக்கொண்டே" இருக்கிறோம். பழைய 2ஜி முறையில் 35 கிலோமீட்டர் வரை பேசலாம் என்பதே சாதாரண எல்லை. நடுக்கடலில் சிக்னல் நன்றாக இருந்த இரகசியம் இதுதான். மடத்துக்குள் வந்ததும் தடித்த சுவரும் கொங்கிரீட் கூரையும் மறைத்துவிட்டன. தூரம் குறைந்தது, ஆனால் மறைப்புக் கூடியது.

நமது மலையில் இதற்கு நேர் எதிர். டவர் ஒரு கிலோமீட்டரில்தான் இருக்கும். ஆனால் நடுவில் ஒரு மலை நிற்கும். மேல் டிவிசனில் நாலு கோடு சிக்னல். பள்ளத்து லயத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே தூரத்தைவிட முக்கியமானது நடுவில் என்ன நிற்கிறது என்பதே.

பெட்டியில் போட்ட 300 மீட்டர்

இனி கோட்லெஸ்ஸுக்கு வருவோம். இப்போது கடைகளில் கிடைக்கும் கோட்லெஸ் போன்களில் பெரும்பாலானவை டெக்ட் என்ற முறையில் வேலை செய்பவை. 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட முறை அது. இந்த வகைப் போனுக்கு வெட்டவெளியில் 300 மீட்டர், கட்டடத்துக்குள் 50 மீட்டர் என்பது பொதுவான கணக்கு. பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவது முதல் எண்ணை. நமக்கு வேண்டியது இரண்டாவது எண்.

இதைச் சும்மா சொல்லவில்லை. இன்று மாலை மடத்துப் பொறுப்பாளர் ஐயாவின் அனுமதியோடு நமது இளைஞர்கள் அந்த ஹேன்ட்செட்டை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தார்கள். கடற்கரைப் பக்கம் திறந்த ஒழுங்கையில் 200 அடி எடுத்து வைத்த பிறகும் பேச்சுத் தெளிவாகக் கேட்டது. அதே போனோடு மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார்கள். நாற்பது அடியில் பேச்சு உடைந்தது. போன் ஒன்றுதான். பேஸும் ஒன்றுதான். மாறியது நடுவில் நின்ற பொருள் மட்டுமே.

எது எவ்வளவு மறைக்கும்? கண்ணாடியும் மெல்லிய பலகையும் அதிகம் தடுக்காது. செங்கல் சுவர் ஓரளவு தடுக்கும். தடித்த கருங்கல் சுவர், கம்பி போட்ட கொங்கிரீட், தண்ணீர் நிறைந்த தொட்டி ஆகியவை நன்றாகத் தடுக்கும். தகரமும் இரும்பும் ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். நெடுந்தீவில் வளவைச் சுற்றிப் பவளக் கற்களை அடுக்கிய மதில்களைப் பார்த்தோம். அவை இடுப்பளவு, மார்பளவு உயரந்தான். நின்று பேசினால் அலை மேலால் போய்விடும். நமது பழைய லயங்களோ தடித்த கல் சுவர். மேலே தகரக் கூரை. டிஸ்பென்சரியில் இருந்து லயம் வரை நாலு காம்பராச் சுவரையும் இரண்டு தகரத்தையும் தாண்டிப் போக வேண்டுமென்றால் 300 மீட்டர் எங்கே மிஞ்சும்?

இன்னொரு கணக்கும் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் பலம் பாதியாகக் குறையும் என்று நினைப்போம். அப்படியல்ல; நாலில் ஒன்றாகக் குறையும். தூரம் மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. பேச்சு நன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, சில அடிகளுக்குள் திடீரென்று அறுந்துபோவதும் உண்டு.

நம்மவர்கள் "மிஸ்ட் இறங்கினா போன் கேக்காது" என்று சொல்வதுண்டு. மூடுபனியும் மழையும் கோட்லெஸ் அலையை அதிகம் தடுப்பதில்லை. மழையில் நனைந்த மரக்கிளையும் இலையும் ஓரளவு தடுக்கும். மழை நாளில் போன் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: கரண்ட் போயிருக்கும், அல்லது லைன் அறுந்திருக்கும்.

பேஸை வைக்கும் இடத்தை மாற்றினாலே பாதிக் குறை தீரும். அதை இரும்பு அலுமாரிக்குப் பக்கத்திலோ, பிரிட்ஜுக்குப் பின்னாலோ, தரையிலோ வைக்கக் கூடாது. தோளளவுக்கு மேல், கட்டடத்தின் நடுப்பகுதியில், முடிந்தால் ஜன்னலுக்கு அருகில் வைக்க வேண்டும். டிவி, வைபை பெட்டி ஆகியவற்றில் இருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருப்பது நல்லது.

காற்றில் போகும் பேச்சுக்கும் கரண்ட் வேண்டும்

தூரத்தைவிடப் பெரிய விசயம் இது. இதைத்தான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

பழைய வயர் போனுக்கு வீட்டில் கரண்ட் தேவையில்லை. டெலிபோன் நிலையத்தில் இருந்தே சுமார் 48 வோல்ட் மின்சாரம் அந்தச் செப்புக் கம்பியிலேயே வந்துவிடும். ஊரே இருட்டாக இருந்தாலும் அந்தப் போன் அடிக்கும். கோட்லெஸ் அப்படியல்ல. கரண்ட் போனால் பேஸ் செத்துப்போகும். பேஸ் போனால் ஹேன்ட்செட்டில் பெட்டரி முழுதாக இருந்தாலும் பயனில்லை. புதிய பைபர் லைன் உள்ள இடங்களிலும் இதே கதைதான். சுவரில் மாட்டிய பெட்டிக்குக் கரண்ட் வேண்டும்.

தீவகத்தில் இதன் அருமை நன்றாகத் தெரிகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நாட்டின் பொது மின் கட்டமைப்போடு தொடுக்கப்படாமல், நீண்ட காலமாக டீசல் ஜெனரேட்டரை நம்பியே இருந்து வந்தவை. சூரிய ஒளி, காற்று, பெட்டரி ஆகியவற்றைச் சேர்த்து இந்த மூன்று தீவுகளுக்கும் மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடையோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று தீவு மக்கள் ஒவ்வொருவரும் யோசித்துத்தான் போன் வாங்க வேண்டியிருந்தது.

நாமும் யோசிக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மொபைல் டவர்களுக்குப் பெட்டரியும் ஜெனரேட்டரும் உண்டு. ஆனாலும் நீண்ட நேரம் கரண்ட் இல்லாவிட்டால் அவையும் ஓய்ந்துபோகும். ஆகவே செப்புக் கம்பி லைன் இன்னும் உள்ள டிஸ்பென்சரி, பிள்ளைக்காம்பரா, ஆபீஸ் ஆகியவற்றில், கோட்லெஸ் இருந்தாலும், பழைய வயர் போன் ஒன்றையும் எடுத்து வைத்திருக்க வேண்டும். லைனில் செருகினால் போதும், பேசலாம். பைபர் லைன் உள்ள இடத்தில், அந்தப் பெட்டிக்கும் பேஸுக்கும் சேர்த்து ஒரு சிறிய பெக்கப் பெட்டரி வைப்பது அவசியம்.

ஹேன்ட்செட்டின் பெட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இருப்பது திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் வகை. இரண்டு, மூன்று வருடத்தில் பலம் குறைந்துவிடும். அப்போது சிலர் டோர்ச் லைட்டுக்குப் போடும் சாதாரண பெட்டரியைப் போட்டுவிடுகிறார்கள். அளவு ஒன்றாக இருக்கலாம். ஆனால் சார்ஜ் ஏறும்போது அது கசிந்து கருவியைக் கெடுக்கும், வெடிக்கவும் கூடும். அதே வகைப் பெட்டரியைத்தான் வாங்கிப் போட வேண்டும்.

இடி மின்னல் காலத்தில், அதாவது மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும், இடி நெருங்கும் முன்பே பேஸின் கரண்ட் பிளக்கையும் லைன் வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னும்போது வயர் போனில் பேசவே கூடாது. கட்டாயம் பேச வேண்டுமானால் மொபைலில் பேசுங்கள்.

பொத்தான்களின் வேலை

பலர் போனில் எண் பொத்தான்களைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. தெரிந்துகொண்டால் எல்லாம் உதவும்.

பேஜ் என்ற பொத்தான் பேஸில் இருக்கும். ஹேன்ட்செட்டை எங்கோ வைத்துவிட்டால் இதை அமுக்கினால் அது கூவிக் காட்டும். மெத்தைக்கு அடியில் கிடந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இன்டர்கொம் என்பது ஒரே பேஸோடு சேர்ந்த இரண்டு ஹேன்ட்செட்டுகள் தமக்குள் பேசுவது. இதற்குக் கட்டணம் இல்லை. வெளி லைன் அறுந்திருந்தாலும் பேசலாம். டிஸ்பென்சரியும் பிள்ளைக்காம்பராவும் அருகருகே உள்ள தோட்டங்களில் இது பெரிய உதவி.

ரீடயல் என்பது கடைசியாக எடுத்த எண்ணைத் திரும்ப எடுப்பது. இதில் ஒரு கவனம் வேண்டும். வங்கிக்குப் போன் எடுத்து இரகசிய எண்ணை அமுக்கியிருந்தால் அதுவும் சில போன்களில் பதிவாகி இருக்கும். அடுத்தவர் போனில் அப்படிப் பேசினால், முடிந்ததும் வேறொரு எண்ணை எடுத்துவிட்டு வாருங்கள்.

மியூட் அமுக்கினால் நம் பேச்சு அவர்களுக்குக் கேட்காது. அவர்கள் பேச்சு நமக்குக் கேட்கும். ஹோல்ட் அமுக்கினால் இரு பக்கமும் நிற்கும். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு வீண் சண்டை வந்த வீடுகளும் உண்டு.

பிளாஷ் என்பது லைனை ஒரு கண்ணிமைப் பொழுது வெட்டி விடுவது. பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் "பீப்" என்று இன்னொரு அழைப்பு வந்தால், பிளாஷ் அமுக்கி அதை எடுக்கலாம். முதல் அழைப்புக் காத்திருக்கும்.

டோன், பல்ஸ் என்று ஒரு சுவிட்ச் பழைய போன்களின் அடியில் இருக்கும். பல்ஸ் என்றால் ஐந்தை அமுக்கும்போது லைன் ஐந்து முறை வெட்டி ஒட்டும். டக் டக் என்று கேட்கும். டோன் என்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு சுருதி சேர்ந்து ஒலிக்கும். "தமிழுக்கு இலக்கம் இரண்டை அழுத்தவும்" என்று சொல்லும் இடங்களுக்கு டோன்தான் வேண்டும். அமுக்கியும் பதில் வராவிட்டால் இந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

ரிங்கர் என்ற சுவிட்ச் மணியை நிறுத்துவது. பிள்ளைகள் விளையாட்டாக இதைத் தள்ளிவிட்டால் போன் அடிப்பதே தெரியாது. "நாள் முழுக்க எடுத்தோம், யாரும் தூக்கவில்லை" என்ற முறைப்பாட்டில் பாதி இதனால் வருவது. "எந்நேரமும் எங்கேஜ்" என்ற முறைப்பாடு, ரிசீவரைச் சரியாக வைக்காததால் வருவது.

வெளிநாட்டுப் போனும் அடுத்தவர் காதும்

புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கத்து வீடுகளில் கனடாவில் இருந்து உறவினர் கொண்டுவந்த கோட்லெஸ் போன்கள் இருப்பதுண்டு. நமது பிள்ளைகளும் இப்போது வெளிநாடு போய் வருகிறார்கள். ஆகவே இதையும் சொல்லி வைக்கிறோம். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட்; இங்கே 230 வோல்ட். அங்கே வாங்கிய அடப்டரை அப்படியே இங்கே செருகினால் புகைந்துபோகும். அதோடு அந்த நாட்டுக் கோட்லெஸ் வேலை செய்யும் அலைவரிசை, நமது பக்கத்தில் மொபைல் சேவைக்கு ஒதுக்கிய அலைவரிசைக்குள் வருகிறது. பக்கத்தில் உள்ளவர்களின் மொபைலை அது குழப்பக் கூடும். கூரையில் ஏரியல் கட்டி பல கிலோமீட்டர் பேசலாம் என்று விற்கப்படும் அதிதூரக் கோட்லெஸ்ஸும் அப்படித்தான். இலங்கையில் ரேடியோ அலைக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற கருவியா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

மிகப் பழைய கோட்லெஸ் போன்களில் பேச்சு ஒளிவுமறைவில்லாமல் காற்றில் போனது. பக்கத்து வீட்டுப் போனிலேயே அது கேட்ட காலம் உண்டு. இப்போதைய டெக்ட் போன்களில் பேச்சை உருமாற்றி அனுப்பும் வசதி உண்டு. ஆனால் ஸ்பீக்கர் போட்டு இஸ்தோப்பில் நின்று சத்தமாகப் பேசினால் எந்த வசதியும் காப்பாற்றாது. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, இரகசிய எண் ஆகியவற்றைப் போனில் யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். நட்சத்திரக் குறியும் ஹாஷ் குறியும் சேர்த்து ஓர் எண்ணை அமுக்கச் சொன்னாலும் அமுக்க வேண்டாம். உங்கள் அழைப்புகளை வேறொருவருக்குத் திருப்பிவிடும் எண்ணாக அது இருக்கலாம்.

அவசரத்துக்குப் போன் எடுக்கும் முறை

நெடுந்தீவில் கடும் நோயாளி ஒருவர் இருந்தால், முதலில் கடற்படைப் படகிலோ வேறு படகிலோ குறிகட்டுவானுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணம் போக வேண்டும். சாதாரணப் படகுப் பயணமே ஒரு மணித்தியாலம். நேற்று அங்கே நாங்கள் பேசிய பெரியவர் ஒருவர் சொன்னார்: "கடல் குழம்பினால் போன் எடுத்தாலும் போட் வெளிக்கிடாது, தம்பி. எண்டாலும் போன் போனாத்தானே அங்கால ஆயத்தமா நிப்பாங்கள்."

அவர்களுக்குக் கடல், நமக்கு மலைப் பாதை. இரண்டுக்கும் விதி ஒன்றுதான். வாகனம் வரத் தாமதமாகும் இடத்தில் இருப்பவர்கள் போனை முந்தி எடுக்க வேண்டும்.

1990 என்பது இலவச அம்புலன்ஸ் சேவை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கு வந்து, பின்னர் நாடு முழுவதும் பரவியது. பொலிஸ் 119. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. மண்சரிவு, வெள்ளம் என்றால் இதற்குச் சொல்லலாம். சிறுவருக்குத் துன்பம் நேர்ந்தால் 1929. பெண்களுக்கு 1938.

எடுத்தவுடன் பதற வேண்டாம். தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்தின் இலக்கம், மெயின் ரோட்டில் இருந்து திரும்பும் சந்தி, நோயாளிக்கு என்ன நடந்தது, திரும்ப எடுக்க வேண்டிய எண் ஆகிய ஆறையும் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை வைக்காதீர்கள். கோட்லெஸ்ஸில் பேசுவதாக இருந்தால் பேஸுக்குப் பக்கத்திலேயே நின்று பேசுங்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்டே பேசலாம் என்று லயத்துப் பக்கம் நடந்தால், முக்கியமான இடத்தில் பேச்சு அறுந்துவிடும்.

தோட்டம் திரும்பியதும்

நாளைக்கு ஊர்காவற்றுறை போய் கடற்கோட்டையையும் பார்த்துவிட்டுப் புறப்படுவோம். தோட்டம் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமையே பின்வரும் வேலைகளைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இவற்றுக்குச் செலவு அதிகம் இல்லை.

1. ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு இளைஞர்கள் டிஸ்பென்சரி ஹேன்ட்செட்டை எடுத்துக்கொண்டு நாலு திசையும் நடந்து பார்க்க வேண்டும். பேச்சு உடையும் இடத்தில் ஒரு கல்லில் சுண்ணாம்பு பூசி அடையாளம் வையுங்கள்.

2. எந்தெந்த இடத்தில் மொபைல் சிக்னல் கிடைக்கும் என்பதை லயத்துக்கு லயம் எழுதி, பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். இரவில் ஓடிப்போக வேண்டிய இடம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

3. மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு டிஸ்பென்சரி போனை எடுத்துப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் வயர் போனோ பெக்கப் பெட்டரியோ வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். கடிதம் எழுத நாங்கள் உதவி செய்வோம்.

4. அவசர எண்களையும், மேலே சொன்ன ஆறு விபரங்களையும் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்கு மேலே ஒட்டுங்கள். தமிழில் எழுதுங்கள்.

5. பாட்டிமாருக்கும் பிள்ளைகளுக்கும் 1990 எடுக்கப் பழக்கிவிடுங்கள். சும்மா எடுத்துப் பார்க்கக் கூடாது. போனை அணைத்து வைத்துவிட்டுப் பழக்குங்கள்.

தாய்மார்களே, தோழர்களே! போன் பேசும் தூரத்தைக் கடைக்காரர் சொல்ல முடியாது, பெட்டியும் சொல்ல முடியாது. நம் வீட்டுச் சுவரும், நம் மலையும், நம் கரண்டும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. அதை நாமே நடந்து, நாமே கேட்டு, நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அவசரம் வந்த பிறகு தேடுவது கடினம்.

 கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் காலையில் பஸ்ஸில் கேட்கலாம்.